சின்ன அறை, இறுக்கமான பட்ஜெட்: பாட்டு கேட்க எந்த புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்?

மெல்லிசை:

பாட்டு கேட்க மட்டும்தான், சினிமாவுக்கு இல்லை. அறை 10 அடிக்கு 12 அடி. மேசை சுவரை ஒட்டிக் கிடக்கிறது. பகலில் மேசையில் உட்கார்ந்து ஒரு கை தூரத்தில் கேட்பேன். ராத்திரி கட்டிலில் சாய்ந்து ஏழு அடி தள்ளிக் கேட்பேன். லேப்டாப், போன் இரண்டிலிருந்தும் பாட்டு வரும். கையில் ஆம்ப் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டி) எதுவும் இல்லை. ஸ்பீக்கர், ஆம்ப், வயர் எல்லாம் ஒரு சின்னத் தொகைக்குள் அடங்க வேண்டும்.

4 இன்ச் வூஃபர் (பேஸ் தரும் பெரிய பாகம்) போதுமா, 5 வேண்டுமா, 6.5-க்கே போய்விடலாமா? ஆம்ப் உள்ளேயே இருக்கிற ஆக்டிவ் செட் நல்லதா, தனித்தனியாக வாங்குவது நல்லதா? ஸ்பீக்கரின் மேல் 100 வாட் என்று போட்டிருந்தால் ஆம்பும் 100 வாட் இருக்க வேண்டுமா? பின்னால் ஓட்டை உள்ள ஸ்பீக்கரைச் சுவர் பக்கம் வைக்கக் கூடாது என்கிறார்கள், எனக்கோ வேறு இடமே கிடையாது. வாய்ப்பாட்டு, வீணை, மிருதங்கம்தான் அதிகம். நடுநடுவே பேஸ் கிடார் உறுமுகிற பாட்டும் உண்டு.

நாலு ஓம்:

வாட் கணக்கை நான் தொடவில்லை. அதைப் போடாவிட்டால் சால்டர் சாமிக்குத் தூக்கம் வராது, அவருக்கே விட்டுவிடுகிறேன். அளவிலிருந்து ஆரம்பிப்போம்.

சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், கொஞ்ச வாட்டுக்கே நிறையச் சத்தம்: இந்த மூன்றில் இரண்டைத்தான் கேட்டு வாங்க முடியும். ஸ்பீக்கர் கட்டுகிறவர்கள் ஹாஃப்மன் விதி என்று சொல்வது இதைத்தான். 1970களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக உருவாக்கிய எல்எஸ்3/5ஏ இதற்கு நல்ல உதாரணம். உள்ளே சுமார் 5 லிட்டர் இடம்தான். சென்சிட்டிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் வரும் சத்தம், 82.5 டெசிபல், இன்றைய கணக்கில் மந்தம். ஆனால் குரல் விஷயத்தில் அதற்குக் கிடைத்த பெயர் இன்னும் போகவில்லை. அதிலும் 125 ஹெர்ட்ஸ் பக்கம் லேசாக ஒரு மேடு உண்டு. கீழே இல்லாத பேஸை இருப்பதுபோல் காதுக்குக் காட்டுவது அந்த மேடுதான். மலிவு ஸ்பீக்கர் பலவும் இதே வித்தையைச் செய்கின்றன, சிலது அளவோடு, சிலது அளவு மீறி. மீறியதைக் கண்டுபிடிக்க ஓர் ஆண்குரல் பேச்சை ஓட்டிப் பாருங்கள். பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் இருந்தால் மேடு பெரிது.

பேஸ் கிடாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். 4 இன்ச் வூஃபர் பொதுவாக 65-70 ஹெர்ட்ஸிலேயே சரியத் தொடங்கும். 5, 5.25 இன்ச் என்றால் 50-55 வரை தாங்கும். அதற்காக 4 இன்ச்சில் அந்தத் தந்தி கேட்கவே கேட்காது என்று அர்த்தமில்லை. அதன் மடங்குகளான 82-உம் 123-உம் வந்துவிடும், அடிச்சுரத்தை மூளை தானாகவே நிரப்பிக்கொள்ளும். வயிற்றில் முட்டுகிற அதிர்வு மட்டும் இருக்காது. வாய்ப்பாட்டுக்கும் வீணைக்கும் அது ஒரு குறையே இல்லை.

மேசை மட்டும் என்றால் 4 இன்ச் போதும் என்பேன். கட்டிலிலிருந்தும் கேட்பதால் 5 அல்லது 5.25. 6.5 வேண்டாம். வூஃபர் பெரிதாகப் பெரிதாக அதன் மேல்சுரங்கள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும். மலிவான டூ-வே ஸ்பீக்கரில் (ஒரு வூஃபர், மேல்சுரங்களுக்கு ஒரு குட்டி ட்வீட்டர்) வூஃபரிடமிருந்து ட்வீட்டர் வாங்கிக்கொள்ளும் இடத்தில் அந்த வித்தியாசம் பச்சையாகத் தெரியும், அதிலும் ஒரு கை தூரத்தில் இரண்டும் இரண்டு இடத்திலிருந்து பாடும்.

அடுத்தது கிராஸ்ஓவர், கீழ்ச்சுரங்களை வூஃபருக்கும் மேல்சுரங்களை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சுற்று. அடிமட்ட விலையில் முதலில் வெட்டு விழுவது இதில்தான். டேடன் ஆடியோ பி652-இல் ட்வீட்டருக்கு ஒரே ஒரு கெப்பாசிட்டர், வூஃபருக்கு எதுவும் கிடையாது. மிக்காவின் எம்பி42-க்கும் எம்பி42எக்ஸ்-க்கும் முக்கிய வித்தியாசமே எக்ஸ் ரகத்தில் முழுக் கிராஸ்ஓவர் இருப்பதுதான். குரல் கேட்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கூடக் கொடுத்தால் வீண் போகாது. இன்னும் ஒரு படி ஏற முடிந்தால் எலாக் டெப்யூ 2.0 பி5.2 (5.25 இன்ச், 6 ஓம், 86 டெசிபல், போர்ட், அதாவது நீங்கள் சொன்ன ஓட்டை, முன்பக்கம்), சோனி எஸ்எஸ்-சிஎஸ்5 (ட்வீட்டருக்கு மேல் இன்னொரு குட்டி ட்வீட்டர், 6 ஓம், 87 டெசிபல்), கியூ அக்கூஸ்டிக்ஸ் 3020ஐ (5 இன்ச், 6 ஓம், 88 டெசிபல், போர்ட் பின்பக்கம்). சுவரை ஒட்டித்தான் வைக்கப் போகிறீர்கள் என்பதால் போர்ட் முன்பக்கம் இருக்கிற எலாக்கைத்தான் நான் எடுப்பேன்.

ஆக்டிவா, தனித்தனியா என்பது கையில் இருக்கிற தொகையைப் பொறுத்தது. ரொம்ப இறுக்கம் என்றால் எடிஃபையர் ஆர்1280டி மாதிரி ஒன்று. 4 இன்ச் வூஃபர், இரண்டு பெட்டிக்கும் சேர்த்து 42 வாட், லேப்டாப்புக்கும் போனுக்கும் தனித்தனி இன்புட். ஆம்ப் ஒரு பெட்டிக்குள் இருக்கும், அங்கிருந்து மற்றதற்கு வயர் போகும். குறை என்னவென்றால் உள்ளே போர்டு போனால் செட்டே முடங்கும். தனித்தனியாக வாங்கினால் ஸ்பீக்கர் பல வருஷம் நிற்கும், ஆம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மொத்தத் தொகையைப் பத்துப் பங்காக்கினால் ஏழு ஸ்பீக்கருக்கு, இரண்டரை ஆம்புக்கு, மிச்சம் வயருக்கு.

ஸ்டுடியோ மானிட்டர் (ஒலிப்பதிவுக் கூடத்து ஆக்டிவ் ஸ்பீக்கர்) வகையறாவும் இந்த விலைக்குள் எட்டிப் பார்க்கும். ஜேபிஎல் 305பி எம்கே2 போன்றவற்றில் வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி ஆம்ப். ஒலியில் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த ரகம் பலவற்றில் பாட்டு ஓடாதபோது ட்வீட்டரிலிருந்து "ஸ்ஸ்" என்று ஒரு இரைச்சல் வரும். கட்டில் வரை எட்டாது. மேசையில், ராத்திரி அமைதியில், ஒரு கை தூரத்தில் எரிச்சலாக இருக்கும்.

சால்டர் சாமி:

வாட் கணக்கு நம்ம வேலைதான், போட்டுடறேன்.

ஸ்பீக்கர் மேல இருக்கிற 100 வாட் அது தாங்குற அளவு. அது கேட்கிற அளவு இல்லைங்க. 8 ஓம், 86 டெசிபல் ஸ்பீக்கர் ஒண்ணு எடுத்துக்குவோம். 1 வாட் கொடுத்தா 1 மீட்டர்ல 86. கட்டில் 2 மீட்டர் தள்ளி இருக்கு, 6 கழிச்சா 80. ஸ்பீக்கர் ரெண்டு, 3 கூட்டினா 83. சுவர் திருப்பிக் கொடுக்கிறது தனி, அதை விட்டுடுவோம். ஒரு அறையில நல்ல சத்தம்னு சொல்றதே சராசரி 75 டெசிபல்தான், அதுக்கு 0.16 வாட் போதும். ஆனா மிருதங்கத்துல ஒரு சாப்பு விழுதுன்னா சராசரிக்கு மேல 20 டெசிபல் தாவும்னு வெச்சுக்கலாம், அப்ப 95. 83-க்கும் 95-க்கும் நடுவுல 12 டெசிபல், அதாவது 16 மடங்கு. 16 வாட். ஆக சேனலுக்கு 20, 30 வாட் நிஜமா வந்தா தாராளம். அதே ஸ்பீக்கர் 83 டெசிபல்னா 32 வாட் கேட்கும்.

சென்சிட்டிவிட்டியில ஒரு சின்னத் தில்லுமுல்லு உண்டு. 2.83 வோல்ட்ல அளந்ததுன்னு போட்டிருப்பாங்க. 8 ஓமுக்கு 2.83 வோல்ட்னா 1 வாட், 4 ஓமுக்கு அதே வோல்ட் 2 வாட். 4 ஓம் ஸ்பீக்கர்ல 88-ன்னு பார்த்தா 3 கழிச்சுட்டுத்தான் ஒப்பிடணும்.

"நிஜமா வந்தா"ன்னு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. மலிவான டப்பா ஆம்ப்ல பெரும்பாலும் டிபிஏ3116டி2 சிப் இருக்கும். நல்ல சிப்தான். "50 வாட்"ங்கறது 4 ஓம் லோடு, 21 வோல்ட், 10 சதவீதம் டிஸ்டார்ஷன்ல கிடைக்கிற எண். 10 சதவீதம்னா பாட்டு கரகரன்னு கிழியும். நம்ம கையில இருக்கிறது அடாப்டரோட வோல்ட்தான். வோல்ட்டை 1.414-ஆல வகுத்து, வர்றதை அதாலயே பெருக்கி, ஓமால வகுங்க. 12 வோல்ட் அடாப்டர், 8 ஓம்: 9 வாட். 19 வோல்ட், பழைய லேப்டாப் சார்ஜர்: 22 வாட். 24 வோல்ட்: 36 வாட், இழப்பு போக 30. ஆம்ப் கூடவே 12 வோல்ட் அடாப்டர் கொடுத்துட்டு டப்பா மேல 2 x 50-ன்னு அச்சடிச்சிருந்தா அது நடக்காத காரியம். அந்த சிப் 26 வோல்ட் வரைக்கும் தாங்கும், ஆனா போர்டுல இருக்கிற பெரிய கெப்பாசிட்டர் 25 வோல்ட் ரகமான்னு பார்த்துக்கோங்க. 25-ன்னா 24 கொடுக்காதீங்க, 19-லயே நிறுத்துங்க. கரன்ட் 3 ஆம்பியருக்குக் குறையாம இருக்கட்டும்.

சின்ன ஆம்பை முறுக்கினா ஏன் ட்வீட்டர் போகுதுன்னு தெரிஞ்சுக்கோங்க. ஆம்புக்கு எட்டாம அலையோட உச்சி வெட்டுப்பட்டதும் பாட்டோட மேடு பள்ளம் சமமாயிடும், சராசரி ஏறும். ட்வீட்டர் பக்கம் போற பங்கும் அதோட ஏறும். அதோட காயில் (கம்பிச் சுருள்) மயிரிழை மாதிரி, சூட்டுல அவிஞ்சிடும். கரகரப்பு கேட்ட உடனே குறைச்சுடணும்.

வயர்: 1.5 சதுர மில்லிமீட்டர், சுத்தத் தாமிரம். பெட்டிக்கு 3 மீட்டர்னா போக வர 6 மீட்டர், மொத்தம் 0.07 ஓம். 8 ஓமுக்கு ஒண்ணுமே இல்லை. அலுமினியத்துக்குத் தாமிரம் பூசின வயரை நிறத்தை வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது. நுனியைக் கத்தியால சுரண்டுங்க, உள்ளே வெள்ளியா பளபளத்தா அது அலுமினியம். அதையும் பயன்படுத்தலாம், ஒரு அளவு தடிமனா எடுத்தா சரி. இதுக்கு மேல வயர்ல காசு போடறது காசைக் கரியாக்கறது.

நுனியை 10 மில்லிமீட்டர் உரிச்சு நல்லா முறுக்குங்க. ஒரே ஒரு இழை பக்கத்து முனையைத் தொட்டாக்கூட ஷார்ட். மலிவு ஆம்ப் சாகறது பெரும்பாலும் இந்த ஒத்தை இழையாலதான். ஆம்பை அணைச்சுட்டு மாட்டுங்க.

மூலைமுடுக்கு:

நாலு ஓம் சொன்னதில் ஒன்றை மறுக்கிறேன். முன்பக்க போர்ட் என்பதற்காக எலாக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. சுவர் பக்கத்தில் பேஸ் வீங்குவதற்குக் காரணம் போர்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது இல்லை. 100 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். அந்த நீளத்துக்கு 20 சென்டிமீட்டர் பெட்டி ஒரு பொருட்டே இல்லை. ஒலி எல்லாப் பக்கமும் வழியும், சுவரில் பட்டுத் திரும்பும். முன்னால் போர்ட் இருந்தாலும் இதே கதைதான். பின் போர்ட்டுக்கு மூச்சுவிட 10 சென்டிமீட்டர் இடைவெளி போதும். வீக்கம் அதிகமாக இருந்தால் ஃபோம் வைத்து அடைக்கலாம். 3020ஐ-யோடு அதற்கான ஃபோம் கூடவே வரும், இல்லாவிட்டால் ஒரு ஜோடி காலுறையைச் சுருட்டி வைத்தாலும் அதே வேலை செய்யும். அடைத்தால் பேஸ் சீக்கிரமே, ஆனால் மெதுவாகச் சரியும். திறந்திருந்தால் ஓர் இடம் வரை தாங்கிவிட்டு அதற்குக் கீழே தடாலென்று விழும்.

சுவர் செய்கிற நிஜமான தொந்தரவு வேறு. பின் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியோடு மோதி ஒரு குறிப்பிட்ட இடத்தில் பள்ளம் தோண்டும். 343-ஐ, வூஃபர் முகப்புக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தின் நாலு மடங்கால் வகுத்தால் அந்த இடம் தெரியும். பெட்டி ஆழம் 22, இடைவெளி 10, மொத்தம் 32 சென்டிமீட்டர்: பள்ளம் 268 ஹெர்ட்ஸ். இடைவெளியை 60 ஆக்கினால் 105 ஹெர்ட்ஸ், மிருதங்கத்தின் தொப்பியும் ஆண்குரலின் அடியும் இருக்கிற வட்டாரம். பாதி வெளியே இழுத்து வைப்பதுதான் சின்ன அறையில் மிக மோசம். முடிந்தவரை சுவரோடு ஒட்டுங்கள். பள்ளம் மேலே ஏறிவிடும், அங்கே பெட்டிக்குப் பின்னால் 5-10 சென்டிமீட்டர் கனத்தில் கண்ணாடிக் கம்பளியோ பாறைக் கம்பளியோ துணி சுற்றி வைத்தால் அடங்கும். வீங்குகிற பேஸை ஈக்யூவில் (சுரவாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர்) குறைத்துக்கொள்ளலாம். வீங்கியதைக் குறைப்பது சுலபம், பள்ளத்தை நிரப்ப முடியாது.

மேசைதான் அடுத்த எதிரி. வூஃபரின் நடு மேசைக்கு மேல் 15 சென்டிமீட்டர், காது 40 சென்டிமீட்டர், நடுவில் 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நேர் ஒலி 84 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. மேசையில் பட்டு வருவது 97. வித்தியாசம் 13 சென்டிமீட்டர், 1300 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம். குரலின் நடுப்பகுதி அது. அந்த ஒலி மேசையில் படுகிற புள்ளி ஸ்பீக்கரிலிருந்து 22 சென்டிமீட்டர் முன்னால். நீங்கள் உட்காரும் பக்கத்து மேசை விளிம்பு அதற்குள் வந்துவிட்டால் அங்கே மேசையே இல்லை, எதிரொலியும் இல்லை. மேசையின் அகலம் 60 என்றால் அப்படி வைக்க முடியாது, சுவரை விட்டு விலக வேண்டி வரும். அப்போது ஸ்பீக்கரை மேசையிலிருந்து எடுத்து, மேசைக்குப் பின்னால் சுவரில் பிராக்கெட் அடித்தோ, தனி ஸ்டாண்டிலோ, ட்வீட்டர் காது உயரத்துக்கு வருகிற மாதிரி ஏற்றுங்கள். எதிரொலி போகாது, ஆனால் அதன் பாதை நீண்டு பலவீனமாகும். பெட்டியை மல்லாத்திச் சாய்ப்பது ட்வீட்டரை மட்டும் சரிசெய்யும், இந்த 1300-ஐ ஒன்றும் செய்யாது.

இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுத் தூரமும் காதுக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். ஒன்று மூலையில், மற்றது அறை நடுவில் என்று வைக்காதீர்கள். மூலையில் இருப்பது தனியாக முழங்கும், பாடகர் அந்தப் பக்கம் நகர்ந்துவிடுவார்.

பழைய இரும்பு:

புதிதுதான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லாவிட்டால் பழைய பேசிவ் (உள்ளே ஆம்ப் இல்லாத) ஸ்பீக்கரைப் பாருங்கள். அதே காசுக்கு ஒரு படி மேலே கிடைக்கும். ஸ்பீக்கரில் தேய்கிற பாகம் குறைவு. பார்க்க வேண்டியது இவ்வளவுதான்.

வூஃபரில் முன்னும் பின்னும் ஆடுகிற கூம்பான கோனைச் சுற்றியுள்ள விளிம்பு ரப்பரா ஃபோமா? ரப்பர் என்றால் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஃபோம் என்றால் விரலால் மெல்ல அழுத்துங்கள். குழி விழுந்து திரும்பாவிட்டால், பொடி ஒட்டினால், அது முடிந்த கேஸ். புது விளிம்பு ஒட்டலாம். பழைய பசையைச் சுரண்டி, கோனை நடுவில் நிறுத்தி ஒட்டுவதற்குப் பொறுமை வேண்டும், விலையில் அதைக் கழித்துக் கேளுங்கள்.

இரண்டு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்துக் கோனை உள்ளே தள்ளுங்கள். சரசரவென்று உரசினால் காயில் வளைந்திருக்கிறது, வேண்டாம். பின் முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6-7 ஓம் காட்டும், 4 ஓம் 3-லிருந்து 3.5. இது வூஃபருக்கு மட்டும். ட்வீட்டருக்கு முன்னால் கெப்பாசிட்டர் நிற்பதால் மீட்டர் அதைப் பார்க்காது. ட்வீட்டருக்கு வழி: பாட்டை ஓடவிட்டு, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையை ட்வீட்டர் முன்னாலும் மறு முனையைக் காதிலும் வையுங்கள். செத்த ட்வீட்டரைக் கூட வூஃபர் மறைத்துவிடும். ஆனால் குழலில் தாளச் சிணுக்கம் கேட்காவிட்டால் பிடிபட்டுவிடும். இரண்டு பெட்டியிலும் அளவு ஒன்றாக இருக்கிறதா என்றும் இதிலேயே தெரியும்.

போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு 40-லிருந்து 300 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள், சத்தம் மிதமாக. எங்கேயாவது பெட்டி கடகடத்தால் பெரும்பாலும் பின் தகட்டு ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் ஒட்டு விட்டிருக்கும். பெட்டியின் அடிப்பக்கம் பலகை உப்பியிருந்தால் தண்ணீர் பட்டது. அதைச் சரிசெய்ய முடியாது.

இருபது வருஷத்துக்கு மேலானது என்றால் கிராஸ்ஓவரில் உள்ள எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களை மாற்ற நேரலாம். மைக்ரோஃபாரட் அளவு அதே இருக்க வேண்டும், 100 வோல்ட், துருவமில்லாத ரகம். பிளஸ் மைனஸ் போட்ட சாதாரண ரகத்தைப் போட்டால் வீங்கி வெடிக்கும். ஃபிலிம் ரகம் போட்டால் ட்ரெபிள் துளி ஏறலாம், பழைய கெப்பாசிட்டரின் உள் எதிர்ப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வடிவமைத்தது அது. கூசினால் தொடரில் அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்று.

மெல்லிசை:

எல்லோருக்கும் நன்றி. பழைய 5.25 இன்ச் பேசிவ் ஜோடி, ரப்பர் விளிம்பு, காகிதக் குழல் சோதனை செய்து எடுத்தாயிற்று. 19 வோல்ட் சார்ஜரில் சின்ன ஆம்ப். சுவரோடு ஒட்டி பிராக்கெட்டில் ஏற்றியாயிற்று. இப்போது மூன்று பிரச்சினை.

ஒன்று, பாடகர் நடுவில் நிற்கவில்லை, அறை முழுக்கப் பரவிக் கிடக்கிறார். பேஸும் எதிர்பார்த்ததைவிட மெலிவு. இரண்டு, லேப்டாப் சார்ஜரைச் செருகினால் ஸ்பீக்கரில் "ர்ர்" என்று உறுமல், அதோடு மவுஸ் நகர்த்தும்போது கீச்சென்று ஒரு சத்தம். மூன்று, கட்டிலில் படுத்தால் பேஸ் கிடாரின் ஒரே ஒரு சுரம் மட்டும் குடம் மாதிரி முழங்குகிறது, அடுத்த சுரம் காணவே காணோம். சாமி அண்ணா, முதல் இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

சால்டர் சாமி:

முதலாவது வயர் மாறிப் போயிருக்கு. ஒரு பெட்டியில மட்டும் பிளஸ், மைனஸ் தலைகீழ். ஒரு கோன் வெளியே வரும்போது மத்தது உள்ளே போகுது, ரெண்டும் பேஸை ஒண்ணையொண்ணு தின்னுடுது. வயர்ல கோடு போட்ட பக்கம் ரெண்டு பெட்டியிலயும் ஒரே நிறத்துல இருக்கான்னு பாருங்க. அது சரியா இருந்தும் இப்படின்னா, பழைய ஸ்பீக்கர்ங்கறதால உள்ளேயே யாராவது மாத்தி வெச்சிருக்கலாம். ஆம்ப்லேருந்து வயரைக் கழட்டிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியோட பிளஸ்ஸைச் சிவப்புலயும் மைனஸைக் கறுப்புலயும் ஒரு நொடி தொடுங்க. கோன் வெளியே தாவணும், ரெண்டு பெட்டியிலயும். வெளியே எடுத்த ட்வீட்டர்ல நேரா வெச்சுடாதீங்க.

உறுமல் கிரவுண்ட் லூப். லேப்டாப் சார்ஜர் ஒரு வழியா பூமிக்குப் போகுது, ஆம்போட அடாப்டர் இன்னொரு வழியா, நடுவுல ஆடியோ கேபிளோட கவசம் பாலம் போடுது. ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல செருகிப் பாருங்க. பாதி நேரம் அதுலயே போயிடும். போகலைன்னா ஆடியோ கேபிளுக்கு நடுவுல டிரான்ஸ்ஃபார்மர் வெச்ச கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் ஒண்ணு. மலிவா வர்றதுல பேஸ் கொஞ்சம் தேயும், அது தெரிஞ்சே வாங்கணும். சார்ஜரோட எர்த் பின்னை ஒடிக்கிற யோசனை சொல்ற ஆளுங்க இருப்பாங்க. செய்யாதீங்க, உள்ளே ஒரு கசிவு வந்தா லேப்டாப் உடம்பே ஷாக் அடிக்கும்.

மவுஸ் கீச்சு லேப்டாப்போட ஹெட்ஃபோன் ஓட்டையிலேருந்தும் வரலாம். லேப்டாப்பைப் பேட்டரியில ஓட்டிப் பாருங்க. அப்பவும் கீச்சு இருந்தா யுஎஸ்பி டிஏசி (லேப்டாப்புக்கு வெளியே டிஜிட்டலைப் பாட்டு சிக்னலா மாத்தற குட்டிப் பெட்டி) ஒண்ணு போட்டா சரியாகும். பேட்டரியில நின்னுடுச்சுன்னா டிஏசி வேண்டாம், அது லூப்தான். லேப்டாப் வால்யூமை முழுசா வெச்சுட்டு ஆம்ப்ல குறைங்க, மிச்சம் இருக்கிற இரைச்சலும் அடங்கும்.

மூலைமுடுக்கு:

மூன்றாவது அறையின் வேலை, ஸ்பீக்கருடையது இல்லை. 12 அடி நீளத்துக்கு முதல் நிலையலை (இரண்டு சுவருக்கு நடுவில் மாட்டி முழங்கும் அலை) 47 ஹெர்ட்ஸ், அடுத்தது 94. 10 அடி அகலத்துக்கு 56, 112. இந்த இடங்களில் சுவரோரம் முழக்கமாகவும், நடுவில் ஏறலும் இறங்கலுமாகவும் இருக்கும். கட்டிலில் தலை சுவரோடு ஒட்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். தலைமாட்டைச் சுவரிலிருந்து அரை மீட்டர் இழுத்துப் பாருங்கள், கைக்காசு செலவில்லாத மருந்து அது.

அதன்பின் டோன் ஜெனரேட்டரை 40-லிருந்து 120 வரை ஒவ்வொரு ஹெர்ட்ஸாக ஏற்றி, காது இருக்கும் இடத்தில் எது வீங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் என்றால் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் இலவசம். முதலில் ப்ரீஆம்ப் (மொத்தச் சத்தம்) -3 டெசிபல். வீங்குகிற எண்ணில், உதாரணமாக 56-இல், பீக் ஃபில்டர், க்யூ (ஃபில்டர் எவ்வளவு குறுகலானது என்று சொல்லும் எண்) 5, -5 டெசிபல். கேட்டுவிட்டு ஒவ்வொரு டெசிபலாகக் கூட்டிக் குறையுங்கள். கூடவே 45 ஹெர்ட்ஸில் ஒரு ஹை-பாஸ் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டும் ஃபில்டர்) போடுங்கள். போர்ட் வைத்த பெட்டியில் அதற்குக் கீழே கோனுக்குப் பிடிமானம் கிடையாது, ஒலி வராமலே முன்னும் பின்னும் ஆடி காயிலை அடிக்கும்.

காணாமல் போன சுரத்தை மட்டும் ஏற்றாதீர்கள். அது எதிரொலி தின்றுவிட்ட இடம், எவ்வளவு ஊற்றினாலும் அதுவும் கூடவே எதிரொலிக்கும். 6 டெசிபல் ஏற்றினால் ஆம்ப் அந்த இடத்தில் நாலு மடங்கு வாட் கக்க வேண்டும், 22 வாட் ஆம்பில் அது நேரே கரகரப்புதான். தலையை ஒரு முழம் நகர்த்தினால் அந்தச் சுரம் தானே திரும்பி வரும்.

மேசைக்கும் கட்டிலுக்கும் ஒரே ஈக்யூ சரிப்படாது, இரண்டு கோப்பாகச் சேமித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

மெல்லிசை:

இடது பெட்டியில் வயர் தலைகீழாகத்தான் இருந்தது. மாற்றியதும் பாடகர் நடுவுக்கு வந்துவிட்டார். ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகியதும் உறுமல் போயிற்று, கீச்சு மட்டும் பேட்டரியிலும் இருக்கிறது. அப்படியானால் டிஏசி. முழங்கியது 58 ஹெர்ட்ஸ், கட்டிலை இழுத்ததும் பாதியாகக் குறைந்தது, மிச்சத்துக்கு -4 போதுமானதாக இருக்கிறது.